உலோகம் உண்டா?

பதினெட்டுக் கேள்விகள் அந்தத் தாளில்.
இதயத்தில் கருவி உண்டா, காதுக்குள் உண்டா,
கண்ணில் எப்போதாவது இரும்புத்தூள் விழுந்ததுண்டா.
சன்னாசி, தகப்பன் பெயர் வீரமலை,
பிறையில் முப்பத்தாறு வருடம் வெல்டிங்,
சிரித்தார்:
"எந்தக் கண்ணைக் கேக்கிறீங்க மிஸ்ஸி?"

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தோம். தூள் இல்லை.
எல்லாம் எப்போதோ கண்ணீரோடு போயிருக்கிறது.
கன்னம் இரண்டிலும் ஒவ்வொரு தழும்பு.
"வேல் குத்தினது. வருசத்துல ஒருநாள்தான்
அங்க உலோகம். மத்த நாள் சோறு."
'இல்லை' என்ற கட்டத்தில் குறி போட்டேன்.

எங்கள் வாசலுக்குள் இரும்புக்கு அனுமதி கிடையாது.
ஒருமுறை துடைக்க வந்தவரின் வாளி
கையை உதறிக்கொண்டு பறந்து
காந்தத்தின் வாயில் போய் ஒட்டியது.
பிரித்தெடுக்க நான்கு ஆள், ஒரு மதியம்.
அதே வாசலுக்கு வெளியே நாற்காலி போட்டு
அவர் கை நரம்பில்
நான் இரும்பை ஏற்றினேன்.

சிறுநீரகம் சோர்ந்தவர்;
வழக்கமான மருந்து ஆகாது.
ஆகவே இந்தக் குப்பி,
கடுந்தே-ஓ நிறத்தில், ஆவியில்லாமல்.
ஒரு மயிரிழையின் அகலத்தில்
இரண்டாயிரம் துகள் வரிசையாய் நிற்கும்.
ஒவ்வொன்றுக்கும் சர்க்கரையில் நெய்த சட்டை,
பகையென்று உடம்பு விரட்டாதிருக்க.
"சர்க்கரை கூடாதுன்னாங்களே?"
"இது அந்தச் சர்க்கரை இல்லை."
"இரும்புக்கு மட்டும் நல்லா உடுத்தி விடுறீங்க."

காந்தம் பக்கத்தில் இருக்கும்வரை அவையும் காந்தம்.
விலகிவிட்டால் வெறும் துரு,
எதையும் மனதில் வைத்துக்கொள்ளாத துரு.
எனக்குத் தெரிந்த மனிதர்களில்
அப்படி ஒருவரும் இல்லை.

ஒரு மணி நேரம் உட்காரவைத்து அனுப்பினேன்.
ஃபெரியில் அக்கரை போய், உண்டு, உறங்கி,
மறுநாள் காலை திரும்பி வந்தார்.
"புதுப் படகு. தையல் சரியில்லை" என்றார்,
படிக்கட்டுப் பற்றவைப்பைச் சொல்கிறார்.
அவர் உறங்கிய நேரத்தில்
கல்லீரலின் காவல் செல்கள்
வந்த இரும்பையெல்லாம் விழுங்கியிருக்கும்.
கட்டி குடியேறிய இடத்தில்
காவல் இருக்காது.

மூச்சை இழுங்க. பிடிங்க. விடுங்க.
மலாயில், ஹொக்கியனில், தமிழில்
அன்றைக்கு நூறாவது முறை.

வெளிச்சம் நல்லது என்று
பள்ளிக்கூடத்திலிருந்து பழகிய கண் எனக்கு.
இங்கே தலைகீழ்.
நலமான இடம் கறுக்கும்,
கரியேறிய வாணலியைப் போல.
திரையில் கறுப்பு அடுக்கடுக்காய் இறங்க
இன்னும், இன்னும் என்றேன் உள்ளுக்குள்.

பதினொன்றாம் அடுக்கில், மேலோரம், ஒரு வெள்ளை.
பட்டாணி அளவு.
பன்னிரண்டில் சற்றுப் பெரிது.
பதின்மூன்றில் இல்லை.

அதற்குப் பெயர் வைப்பவர்
மூன்றாம் மாடியில் டாக்டர் ரோஸ்னானி.
என் அதிகாரம் மூச்சோடு முடிகிறது.

வெளியே வந்து பெல்ட்டை மாட்டியபடி கேட்டார்:
"எல்லாம் கறுத்துச்சா?"
கறுத்தால் நல்லது என்று
நேற்று நானேதான் சொல்லித் தொலைத்தேன்.
"பெரும்பாலும்."
அந்தச் சொல்லை அவர் கொஞ்ச நேரம் வைத்திருந்தார்,
ஆறிய பற்றவைப்பை விரலால் தடவி
விரிசல் தேடுகிறவர் மாதிரி.
பிறகு வேறு கேட்டார்:
"உள்ள போன இரும்பு?"
"ரத்தத்துல சேரும். கொஞ்சங்கொஞ்சமா
உங்களோடதாயிடும்."
"அப்ப பரவாயில்ல" என்றார்,
எதற்குப் பரவாயில்லை என்று சொல்லாமல்.

லிஃப்ட் மூடியது.
தாளை எடுத்து, 'இல்லை'யின் மேல் கோடிழுத்து,
அடுத்த மூன்று மாதங்களுக்கு
இவரை வாசலில் நிறுத்தப்போகும் யாருக்காகவோ
'உண்டு' என்று எழுதி
தேதி போட்டேன்.